எழுத்தும் வளையமும்: பேராயர் டேனியல் பெய்னின் கல்விக் கொள்கை குறித்து

கேள்வி

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் டேனியல் அலெக்சாண்டர் பெய்ன். 1811இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்து 1893இல் மறைந்த இவர், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையில் போதகராகவும், 1852 முதல் பேராயராகவும் பணியாற்றியவர்; 1863 முதல் 1876 வரை ஒஹையோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தை நடத்தியவர். பெயரில் உள்ள 'எபிஸ்கோப்பல்' என்னும் சொல் பேராயர்களின் ஆளுகைக்கு உட்பட்ட சபை என்பதைக் குறிக்கும். ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளையர் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே எழுப்பி விலக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் ரிச்சர்ட் ஆலனின் தலைமையில் வெளியேறித் தமக்கென ஒரு கோயிலை எழுப்பினர். அந்த முயற்சி வளர்ந்து 1816இல் தனித் திருச்சபையாக உருப்பெற்றது.

பெய்னைப் பற்றி இருவகைப் பார்வைகள் நிலவுகின்றன. திருச்சபையின் வரலாற்றாளர்களும் கல்வி வரலாற்றாளர்களும் அவரை அறிவொளியின் தூதராக, கல்லாமையை எதிர்த்துப் போராடிய வீரராகப் போற்றுகின்றனர். 1970களுக்குப் பிறகு அடிமைகளின் சமயத்தையும் பண்பாட்டையும் ஆராய்ந்தவர்கள், குறிப்பாக ஆல்பர்ட் ரபோட்டோவும் ஸ்டெர்லிங் ஸ்டக்கியும், வேறொரு பெய்னைக் காட்டினர்: ஆப்பிரிக்க வேர் கொண்ட வட்ட வழிபாட்டையும் அடிமைகளின் பாடல்களையும் காட்டுமிராண்டித்தனம் என்று இகழ்ந்து, அவற்றை ஒழிக்க முயன்ற பேராயர் அவர். இரண்டு பார்வைகளும் பெய்ன் எழுதிய அதே பக்கங்களிலிருந்தே தம் சான்றுகளை எடுக்கின்றன. கல்வி வேட்கை ஒருபுறமும் மக்கள் வழிபாட்டின் மீதான வெறுப்பு மறுபுறமும் ஆக, ஒரே மனிதரிடம் இரு வேறு குணங்கள் தற்செயலாகக் கூடிவிட்டனவா, அல்லது இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. வேர் ஒன்றே என்பதும், அந்த வேர் 1834இல் தென் கரோலினா சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தில் இருக்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சட்டம் மூடிய பள்ளி

பெய்னின் பெற்றோர் அடிமைகள் அல்லர். 'சுதந்திரக் கறுப்பினத்தவர்' என்று அக்காலச் சட்டம் குறித்த சிறுபான்மையைச் சேர்ந்தவர்கள். அடிமைமுறை கோலோச்சிய நகரில் இவர்கள் சொத்து வைத்துக்கொள்ளலாம், தொழில் செய்யலாம். ஆயினும் குடியுரிமை அற்றவர்கள், எந்நேரமும் சந்தேகத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த பெய்ன் உறவினரிடம் வளர்ந்தார். சுதந்திரக் கறுப்பினத்தவர் 1803இல் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்காக நிறுவிய சங்கம் ஒன்றின் பள்ளியில் இரண்டாண்டு படித்தார்; அதன்பின் தாமஸ் பொன்னோ என்னும் கறுப்பின ஆசிரியரிடம் பயின்றார்; தச்சு வேலை பழகிக்கொண்டே இரவில் நூல்களோடு மல்லாடினார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் அவர் பெற்ற அறிவின் பெரும்பகுதி ஆசான் இன்றித் தாமே தேடிக்கொண்டது.

1829இல், பதினெட்டு வயதில், அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பகலில் மூன்று பிள்ளைகள், இரவில் வயதுவந்த மூன்று அடிமைகள். தலைக்கு மாதம் ஐம்பது சென்ட் வீதம் மொத்த வருவாய் மூன்று டாலர். வயிற்றுப்பாட்டுக்கு அது போதாமையால் பள்ளியை மூடிவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட இருந்த செல்வர் ஒருவரிடம் பணியாளாகச் செல்ல நினைத்தார். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த அந்தச் செல்வர், எசமானுக்கும் அடிமைக்கும் இடையில் உள்ள வேறுபாடு அறிவின் ஏற்றத்தாழ்வே அன்றி வேறொன்றும் இல்லை என்ற பொருள்படப் பேசியதாகவும், அச்சொல்லே தம்மைப் பயணத்தைக் கைவிட்டு மீண்டும் பள்ளிக்குத் திருப்பியதாகவும் பெய்ன் பின்னாளில் எழுதினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்ட உரையாடலை அப்படியே சான்றாகக் கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் தம் வாழ்வின் திருப்புமுனையை ஓர் அடிமை உடைமையாளரின் வாய்ச்சொல்லில் பெய்ன் வைத்துக் காண்கிறார் என்பதே கவனத்துக்குரியது: எதிரி எதைக் கண்டு அஞ்சுகிறான் என்பதை எதிரியிடமிருந்தே அவர் கற்றுக்கொண்டார்.

அந்த அச்சம் விரைவில் சட்ட வடிவம் பெற்றது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இலேயே தடை செய்திருந்தது. வாசிப்பை அச்சட்டம் தொடவில்லை. 1822இல் டென்மார்க் வெசி என்ற கறுப்பினத் தச்சரின் தலைமையில் கிளர்ச்சி திட்டமிடப்பட்டதாகக் குற்றம்சாட்டிச் சார்ல்ஸ்டன் அதிகாரிகள் அவரையும் முப்பதுக்கும் மேற்பட்ட பிறரையும் தூக்கிலிட்டனர். அந்நகரிலிருந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் கோயில் இடிக்கப்பட்டது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் என்னும் அடிமைப் போதகர் நடத்திய எழுச்சி தெற்கு மாநிலங்கள் முழுவதையும் உலுக்கியது. இந்தப் பின்னணியில் 1834 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம், வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பதைச் சேர்த்தே தடை செய்ததோடு, சுதந்திரக் கறுப்பினத்தவர் பள்ளி நடத்துவதையும் குற்றமாக்கியது. மீறும் சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு ஐம்பது டாலர் வரை அபராதமும் ஐம்பது கசையடி வரை தண்டனையும் விதிக்கப்பட்டன.

சட்டம் வந்ததற்குத் தம் பள்ளியே உடனடிக் காரணம் என்று பெய்ன் நம்பியிருந்தார். விலங்கியல் பாடத்துக்காகப் பாம்பு ஒன்றை வாங்கிவர அவர் அனுப்பிய மாணவர்களை, வெசி வழக்கில் நடுவராக இருந்த லயனல் கென்னடியின் தோட்டத்தில் அவரும் அவருடைய மகனும் மடக்கி, அவர்கள் என்னென்ன படிக்கிறார்கள் என்று துருவிக் கேட்டனர். அந்த விடைகள் எழுப்பிய கலக்கமே சட்டமாக முடிந்தது என்பது அவர் தரும் விளக்கம். ஒரு பள்ளியின் பாடத்திட்டம் ஒரு மாநிலச் சட்டத்தைப் பிறப்பித்தது என்று கொள்வது மிகையே. நாட் டர்னர் எழுச்சிக்குப் பிறகு பல தெற்கு மாநிலங்கள் இத்தகைய கட்டுப்பாடுகளை நாடிச் சென்றுகொண்டிருந்தன. எனினும் அறுபது மாணவர்கள் வரை வளர்ந்திருந்த பள்ளி, அதில் கறுப்பினச் சிறுவர்கள் பயிலும் இயற்கை அறிவியல், அதைக் கேட்டு நடுங்கும் தோட்ட முதலாளி ஆகிய மூன்றும் சேரும் காட்சி, சட்டத்தின் உள்நோக்கத்தை ஆவணங்களைவிடத் துலக்கமாகக் காட்டுகிறது. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாளான 1835 மார்ச் 31 அன்று பெய்ன் பள்ளியை மூடினார். மே மாதத்தில் வடக்கு நோக்கிக் கப்பலேறினார்.

போதகருக்கு எதற்குப் படிப்பு

வடக்கே பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் நகரில் இருந்த லுத்தரன் இறையியல் கல்லூரியில் சாமுவேல் ஷ்மக்கரிடம் ஏறத்தாழ இரண்டாண்டு பயின்று, கண்பார்வைக் கோளாற்றால் 1837இல் படிப்பை நிறுத்திய பெய்ன், 1839இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபிராங்கியன் சினாடு என்ற லுத்தரன் பிரிவிடம் குருப்பட்டம் பெற்றார். அந்த அவையில் அவர் ஆற்றிய உரை அடிமைமுறையை அது தரும் உடல் வதைக்காக மட்டும் கண்டிக்கவில்லை. அது மனிதனின் மனத்தையும் மனச்சாட்சியையும் அழித்து அவனை விலங்கின் நிலைக்குத் தள்ளுகிறது என்பதே அவ்வுரையின் மையம். பின்னாளில் வட்ட வழிபாட்டைக் குறித்து அவர் எழுதியவற்றைப் படிப்பவர்கள் இவ்வுரையை மறந்துவிடலாகாது, ஏனெனில் இரண்டிலும் செயல்படும் தர்க்கம் ஒன்றே.

லுத்தரன் சபையில் கறுப்பினத்தவருக்கான கோயில்கள் மிக அரிது. தம் மக்களிடையே பணியாற்ற வேண்டுமானால் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையே வழி என்று நண்பர்கள் கூறியும் பெய்ன் நீண்ட காலம் தயங்கினார். படித்த போதகர்களை அச்சபை விரும்பாது என்று கேள்விப்பட்டதே தயக்கத்துக்குக் காரணம். கல்லூரிச் சுவரில் தம் தலை ஒருநாளும் உரசியதில்லை என்று பெருமிதத்தோடு பிரசங்கத்தைத் தொடங்கும் போதகர்களையும், அதற்கு 'ஆமென்' முழங்கும் சபையாரையும் அவர் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். 1841இல் அவர் அச்சபையில் சேர்ந்தார். 1843இல் போதகர்களின் கல்வி குறித்துத் திருச்சபை இதழில் அவர் எழுதிய தொடர் மடல்கள் பெரும் சீற்றத்தைக் கிளப்பின. தம் உடன்போதகர்களை உலகத்தார் முன் இழிவுபடுத்திவிட்டார் என்று பலர் கொதித்தனர். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் கூடிய பொது மாநாட்டில், அதாவது நான்காண்டுக்கு ஒருமுறை கூடி திருச்சபைக்குச் சட்டம் வகுக்கும் பேரவையில், போதகர்களுக்கு ஒழுங்கான பாடத்திட்டம் வேண்டும் என்ற தீர்மானம் முதலில் பெரும்பான்மையால் தோற்றது. மறுநாள் ஆப்ரம் லூயிஸ் என்னும் மூத்த போதகர் அதற்காக உருக்கமாக வாதாடியபின் அதே அவை அதை ஏற்றுக்கொண்டது. இலக்கணமும் புவியியலும் அன்றுமுதல் போதகராக விரும்புவோரின் பாடங்களாயின.

எதிர்த்தவர்களை அறியாமையின் காவலர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெய்ன் எழுதிய திருச்சபை வரலாறும் பெரும்பாலும் அதையே செய்கிறது. ஆனால் அவர்களில் பலர் அடிமைநிலையிலிருந்து மீண்டவர்கள்; எழுத்தறியாமலேயே மறைநூலை மனத்தில் ஏந்தி, ஊர் ஊராக நடந்து, கூலிக்காரரின் சில்லறைக் காசுகளால் கோயில்களை எழுப்பியவர்கள். எந்தக் கல்வி தங்களுக்குச் சட்டத்தால் மறுக்கப்பட்டதோ அந்தக் கல்வி இல்லை என்பதற்காகத் தம் சொந்தச் சபையிலேயே தாம் தகுதியற்றவர்களாகக் காட்டப்படுவதை அவர்கள் அவமானமாகக் கருதியதில் நியாயம் உண்டு. பெய்னின் மடல்களில் இந்த நியாயத்துக்கு இடம் இல்லை, அதுவே அவற்றின் குறை.

வளையம்

அடிமைகளின் வழிபாட்டில் 'வளையம்' என்பது, பிரசங்கம் முடிந்தபின் சபையார் வட்டமாகக் கூடி, கைதட்டிக் காலால் தரையை உதைத்து, பாட்டின் தாளத்துக்கு உடலை அசைத்துச் சுற்றிவரும் முறை. பாடல்கள் வயல்வேலையின்போதும் இரவுக் கூட்டங்களிலும் வாய்வழியாகப் பிறந்தவை. ஒருவர் எடுக்க, மற்றவர் தொடுக்க வளர்பவை. பெய்ன் இவற்றைச் சோளக்கொல்லைப் பாட்டுகள் என்று பழித்தார். வளையத்தில் நிற்பவர்களைக் கையாலும் காலாலும் கும்பிடுபவர்கள் என்ற பொருள்படும் பட்டப்பெயரால் குறித்தார். பால்டிமோர் நகரின் பெத்தேல் கோயிலில் 1845 முதல் போதகராக இருந்த காலத்தில் இப்பாடல்களைத் திருத்தவும் ஒடுக்கவும் முயன்றார். இசைக்கருவிகளை அங்கே அறிமுகம் செய்தார். 1850இல் அதே நகரின் எபனேசர் கோயிலுக்கு மாற்றப்பட்டபோது சபையார் அவரை ஏற்க மறுத்தனர். வீட்டில் கம்பளம் விரித்து வாழும் இவர் தம்மோடு அமர்ந்து தேநீர் அருந்தமாட்டார் என்பதும், தம் பாடல்களைப் பாடவிடமாட்டார் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். முதலாவதைப் பெய்ன் மறுத்தார், இரண்டாவதை மறுக்கவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின், பேராயராகச் சுற்றுப்பயணம் செய்த 1870களில் பென்சில்வேனியாவில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு அவருடைய நினைவுக் குறிப்புகளிலேயே மிகவும் செறிவான பகுதி. வளையத்தை நிறுத்தும்படி அவர் போதகரிடம் சொன்னார். ஆட்டமும் கைத்தட்டலும் நின்றன, ஆனால் கூடியிருந்தோர் பாடியபடியே கால்மணி நேரம் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தனர். பிறகு வளையத்தின் தலைவரிடம் இது அநாகரிகமான வழிபாடு என்று பெய்ன் விளக்க முற்பட்டபோது, வளையம் இல்லாமல் பாவிகள் மனந்திரும்பமாட்டார்கள் என்று அவர் பதிலளித்தார். மனந்திருப்புவது இறைவனின் ஆவியும் அவருடைய வசனமுமே என்று பெய்ன் மறுத்தார். ஆவியானவர் வெவ்வேறு மனிதரிடம் வெவ்வேறு விதமாகச் செயல்படுகிறார், ஆகவே இங்கும் ஒரு வளையம் வேண்டும், அங்கும் ஒரு வளையம் வேண்டும் என்றார் அந்தத் தலைவர்.

இவ்வுரையாடலை அறியாமைக்கும் அறிவுக்கும் இடையிலான மோதலாகவே பெய்ன் எழுதினார். படிப்பவருக்கு அது அப்படித் தோன்றுவதில்லை. பெயர் குறிக்கப்படாத அந்த மனிதர் ஓர் இறையியல் நிலைப்பாட்டை முன்வைக்கிறார்; அதற்குப் பெய்னிடம் அதிகாரம் இருந்தது, நிறைவான விடை இருக்கவில்லை. வளையம் மேற்கு ஆப்பிரிக்க வட்ட நடனங்களின் தொடர்ச்சி என்றும், பல்வேறு இனக்குழுக்களிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களை ஒரே மக்களாகப் பிணைத்த களம் அதுவே என்றும் ஸ்டக்கி 1987இல் வாதிட்டார். அவர் அந்த வாதத்துக்குப் பயன்படுத்திய முக்கியச் சான்றுகளில் ஒன்று பெய்னின் இதே பகுதி. எழுத்தறியாதவர்களின் வழிபாட்டைத் துடைத்தழிக்க விரும்பிய பேராயர், யார் பாடினர், எவ்வளவு நேரம் அசைந்தனர், என்ன பதில் சொன்னார்கள் என்பதையெல்லாம் நுணுக்கமாக எழுதிவைத்ததால்தான் அது வரலாற்றில் தங்கியது.

பெய்ன் வெள்ளையரைப் போல் ஆக விரும்பினார் என்ற விளக்கம் சிலரால் தரப்படுகிறது. அதற்குச் சான்றுகள் இடம் கொடுக்கவில்லை. வெள்ளையர் நடத்திய லுத்தரன் சபையில் நிலைபெற்றிருக்கக்கூடியவர் அதை விட்டு, தம்மை எள்ளி நகையாடிய ஏழைச் சபைக்கு வந்தார். 1862 ஏப்ரல் 14 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் லிங்கனைச் சந்தித்து, தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிக்கும் மசோதாவில் கையொப்பமிடுவாரா என்று நேருக்குநேர் கேட்டார்; இரண்டு நாள் கழித்து லிங்கன் கையொப்பமிட்டார். இத்தகைய ஒருவரை, வெள்ளையரைப் பின்பற்றும் மோகத்துக்கு ஆட்பட்டவர் என்று சொல்ல இயலாது. அவருடைய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. கல்லாமை என்பது இயல்பாக நேர்ந்த குறை அன்று, சட்டம் போட்டு உண்டாக்கப்பட்டது என்பதைத் தம் பள்ளி மூடப்பட்ட நாளில் அவர் நேரில் கண்டார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அடிமைமுறைக்குள் பிறந்தவை அனைத்தும் அடிமைமுறையின் தழும்புகள் என்பதாகும். எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் எழுத்தின்றியே ஒரு வழிபாட்டையும் ஓர் இசையையும் படைத்துக்கொண்டார்கள் என்பதை அந்த முடிவு அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. அச்சட்டம் எதைப் பறித்தது என்பதை அவரைவிட ஆழமாக உணர்ந்தவர் இல்லை; அது பறிக்க முடியாமற்போனது எது என்பதை மட்டும் அவர் காணவில்லை.

பத்தாயிரம் டாலர்

ஒஹையோவின் சீனியா நகருக்கு அருகே டவாவா ஊற்றுகள் என்ற இடத்தில் கோடைக்கால விடுதியாகக் கட்டப்பட்டிருந்த கட்டடத்தில், வெள்ளையரின் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை 1856இல் கறுப்பினத்தவருக்கென ஒரு கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, அடிமை வணிகத்தை எதிர்த்த ஆங்கிலேயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் பெயரைச் சூட்டியது. அறங்காவலர் குழுவில் இருபத்து நால்வர். கறுப்பினத்தவர் நால்வரே, அவர்களில் பெய்னும் ஒருவர். தொடக்கத்தில் மாணவர் பலர் தெற்குத் தோட்ட முதலாளிகளுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். தந்தையரே கட்டணம் செலுத்தினர். உள்நாட்டுப் போர் வெடித்ததும் அந்தப் பணம் நின்றது, 1862இல் பள்ளியும் நின்றது. கறுப்பினத்தவருக்குக் கல்வியைத் தடை செய்த வர்க்கத்தின் பணத்திலேயே கறுப்பினப் பிள்ளைகளின் கல்வி நடந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்நிறுவனம் கைமாறியதன் முக்கியத்துவம் விளங்கும்.

1863 மார்ச் மாதத்தில் அறங்காவலர்கள் அந்த இடத்தைப் பத்தாயிரம் டாலருக்கு விற்க முன்வந்தபோது, முடிவைத் தள்ளிப்போட நேரம் இல்லை. திருச்சபையின் ஒப்புதலும் கையில் பணமும் இன்றியே, ஆண்டவரின் பெயரால் தம் திருச்சபைக்காக வாங்குவதாகப் பெய்ன் அறிவித்தார். போதகர்களான ஜேம்ஸ் ஷார்ட்டரும் ஜான் மிட்செலும் துணை நின்றனர். கறுப்பினத்தவரே உடைமையாளர்களாக இருந்து நடத்திய முதல் உயர்கல்வி நிறுவனம் இவ்வாறு பிறந்தது.

'பல்கலைக்கழகம்' என்ற சொல்லை இங்கே எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். 1863இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கு கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் தொடக்கநிலை ஆங்கிலப் பாடமே. இறையியலும் கிரேக்க, லத்தீன் செவ்வியல் கல்வியும் அதன்பின் படிப்படியாகவே சேர்ந்தன. எழுத்துக்கூட்டத் தொடங்கியவர்கள் படிக்கும் இடத்துக்கு அப்பெயர் பொருந்துமா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. ஆனால் எழுத்துக்கூட்டக் கற்பிப்பதற்கே ஐம்பது கசையடி வரை விதித்த மாநிலத்திலிருந்து வந்தவருக்கு, அரிச்சுவடிக்கும் ஹோமருக்கும் இடையில் சுவர் இல்லை; இரண்டும் ஒரே ஏணியின் படிகள். இந்த ஒரு புள்ளியில் பெய்னின் பார்வை அவரை விமர்சித்தவர்களின் பார்வையைவிட அகலமானது.

1865 ஏப்ரல் 14 மாலை, வாஷிங்டனில் லிங்கன் சுடப்பட்ட அதே நாளில், வில்பர்ஃபோர்ஸின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது. யாரோ தீ வைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் வலுவாக நிலவியது. அடுத்த மாதம் பெய்ன் சார்ல்ஸ்டன் திரும்பினார். 1835 மே மாதத்தில் கப்பலேறியவர் சரியாக முப்பது ஆண்டுகளுக்குப் பின், எரிந்த பல்கலைக்கழகத்தின் தலைவராக, தாம் பிறந்த நகரில் திருச்சபையின் தென் கரோலினா மாநாட்டை அமைத்தார். அதன் வழியாக விடுதலை பெற்ற அடிமைகள் பெருந்திரளாகச் சபையில் சேர்ந்தனர், தம் பாடல்களையும் வளையங்களையும் உடன் கொண்டுவந்தனர். மீண்டும் கட்டுவதற்கான நிதியைத் திரட்டுவதில் அடுத்த பல ஆண்டுகள் கழிந்தன. 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் இருபத்தையாயிரம் டாலர் அளித்தது.

சான்றுகளின் எடை

பெய்னைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவர் எழுதியது: 1888இல் வெளிவந்த எழுபது ஆண்டு நினைவுகள், 1891இல் வந்த திருச்சபை வரலாறு. 1848இல் திருச்சபையின் வரலாற்றாளராக நியமிக்கப்பட்ட அவர், எபனேசர் சபை தம்மை மறுத்தபின் கிடைத்த ஓய்வில் ஊர் ஊராகச் சென்று மாநாட்டுப் பதிவுகளையும் கடிதங்களையும் திரட்டியிராவிட்டால், திருச்சபையின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிய ஆவணங்களில் பல அழிந்திருக்கும். எதிர்த்தரப்பு எழுதவில்லை, அவர்களுடைய குரல் பெய்னின் பேனா வழியாகத்தான் வருகிறது. எனவே அவர் இகழ்ந்த இடங்களையே அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டியுள்ளது. இகழ்ச்சிச் சொற்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு களஆய்வாளரின் குறிப்பேடு.

அவருடைய காலத்திலேயே வேறு வழி சாத்தியமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டென்னசியின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் 1871இல் அதே அடிமைப் பாடல்களைக் கச்சேரி மேடையில் பாடி, கல்லூரிக்கு நிதி திரட்டப் பயணம் புறப்பட்டனர். வளையம் அந்த மேடையில் இல்லை, காலுதையும் இல்லை. பாடல்கள் நான்கு குரல் இசைக்கு இணக்கப்பட்டிருந்தன. பாடல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடிந்தது, ஆனால் அதைப் பிறப்பித்த உடலசைவு வாசலில் நின்றது.

1893இல் பெய்ன் மறைந்தார். மறு ஆண்டு, ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்ற இருபத்தாறு வயது இளைஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்க வில்பர்ஃபோர்ஸுக்கு வந்தார். அங்கிருந்த சமய எழுப்புதல் கூட்டங்களின் ஆரவாரத்தோடு ஒட்டமுடியாமல் 1896இல் வெளியேறினார். அவர் 1903இல் வெளியிட்ட 'கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூலில் அத்தியாயங்களின் தலைப்பில் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் கவிதை வரிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும், சொற்கள் இன்றி, அடிமைப் பாடல் ஒன்றின் இசைக்குறிப்பு அச்சாகியிருக்கிறது.